மூக்குப்பேணி அண்ணையும் கழுவக்கூடாத கேத்திலும்

பாரிசின் லா சப்பலில் விசரர்களுக்குக் குறைவில்லை. நாற்பது வருசமாகப் பார்க்கிறேன். ஆனால் ஒரு கேத்திலுக்காக ஆறு ஆம்பிளைகளைப் பத்து மாதம் சீனி போடாத தேத்தண்ணி குடிக்க வைத்தவர் மூக்குப்பேணி அண்ணை ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர், விசாக் காரியம் பார்க்கிற பிரிபெக்தூருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கும் ஒரு கிழமை தெரிந்திருந்தது. பிறகு மறந்துவிட்டோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மெத்ரோ இரும்புத் தூண்களுக்கு மேலே ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அறை. ஐந்தாம் மாடி. லிப்ற் இல்லை. ஆறு பேர், மூன்று கட்டில். ஒருவன் எழும்ப ஒருவன் படுப்பான். கட்டில் ஒருநாளும் சூடு ஆறினதில்லை. நான் விடிய எழும்பிப் போய்க் கந்தோர்களில் மேசையும் நிலமும் துடைக்கிற வேலை. மெனாஜ் என்பார்கள். சின்னராசா ஒரு சாப்பாட்டுக்கடையில் வெங்காயம் வெட்டினான். அழுகையை எல்லாம் அங்கேயே முடித்துவிட்டு வருவான். அறையில் அவனுக்கு நக்கல் மட்டும்தான் மிச்சம். மூக்குப்பேணி அண்ணை பெல்வில்லில் ஒரு சீனக் கடையில் கோப்பை கழுவினார். எங்களிடத்தில் மெத்ரோ ஏறினால் நாலாவது தரிப்பு.

ஆள் நெட்டை. கதவைத் திறந்தால் முதலில் மூக்கு உள்ளே வரும். பிறகு அவர் வருவார்.

ஒருநாள் பின்னேரம் எதையோ துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டு வருகிறவர் மாதிரி. மேசையில் வைத்து அவிழ்த்தார். மண் கேத்தில். ஒரு கைக்குள் அடங்கும். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும் பள்ளமும். நெருப்பில் விழுந்த மரவள்ளிக்கிழங்குக்கு மூக்கு முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“என்ன அண்ணை, சீனன்ரை மூக்குப்பேணியோ?” என்றான் சின்னராசா.

ஊரில் வாய் படாமல் தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த செம்பைத்தான் மூக்குப்பேணி என்போம். எல்லாரும் சிரித்தோம். கேத்திலின் மூக்கையும் பார்த்தோம். அண்ணையின் மூக்கையும் பார்த்தோம். பெயர் அந்த நிமிசமே ஒட்டிவிட்டது.

அண்ணை சிரிக்கவில்லை.

“பகிடி விடாதை. உதாலை என்ரை மனுசி வராமல் போகப் போறாள்,” என்றார்.

நடந்தது இதுதான். கடை முதலாளி ஒரு சீன அம்மா. மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்போடியாவிலிருந்து வந்தவ. கடையில் ஒரு தட்டு நிறைய மண் கேத்தில்கள் வைத்திருந்தா. அதில் ஒன்றைத் தனியாக, புருசனின் படத்துக்குக் கீழே வைத்திருந்தா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணை அதைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒரே கறுப்பு. பாவம், கவனிக்க ஆளில்லை என்று நினைத்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கம்பித்தும்பால் உரஞ்சி உரஞ்சிப் புதுச்செங்கல் நிறத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். பாராட்டுக் கிடைக்கும் என்று கொண்டுபோய்க் காட்டினார்.

மதாம் உள்ளே பார்த்தா. பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் இருந்துவிட்டா.

அந்தக் கேத்திலுக்குச் சவர்க்காரம் காட்டக் கூடாதாம். சுடுதண்ணீர் மட்டும்தான். மண் தேத்தண்ணியைக் குடிக்குமாம். அந்தக் கறுப்பு, புருசன் இருபது வருசம் ஊற்றின தேத்தண்ணி. மனுசன் அங்கே சண்டையில் காணாமல் போய்விட்டார். மதாம் மடியில் வைத்துக் கொண்டு வந்த சாமான் இது ஒன்றுதான்.

அண்ணை சொல்லி முடித்தபோது சின்னராசா கேத்திலை மெல்லத் தள்ளி மேசை நடுவில் வைத்தான்.

மதாம் அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. கேத்திலைத் துவாயில் சுற்றிக் கையில் கொடுத்தா. “தினமும் தேத்தண்ணி. கழுவாதே. எங்கள் வருசப்பிறப்புக்குக் கறுப்பாய்க் கொண்டு வா.”

இங்கேதான் சிக்கல். அண்ணையின் மனுசி யாழ்ப்பாணத்தில். பிரிந்து மூன்று வருசம். அவவை இங்கே எடுப்பிக்க, இவருக்கு நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் வேண்டும். தருகிறேன் என்று சொல்லியிருந்த மதாம் இப்போது ஒழுங்கை மாற்றிவிட்டா. கேத்தில் முதல். கடிதம் பிறகு.

அடுத்த நாளே அறையில் சட்டம் வந்தது. காலையில் ஒரு முறை, பின்னேரம் இரண்டு முறை. கேத்தில் சின்னது. ஆறு பேருக்கு ஊற்றி முடிக்க அரை மணித்தியாலம். பால் கூடாது. சீனி கூடாது. மண் குடித்துவிடும்.

“அண்ணை, இது தேத்தண்ணியோ கசாயமோ?”

“குடி ராசா. அக்கா வந்தால் உனக்குத் தோசை சுட்டுத் தருவா.” அவரின் மனுசி எங்களுக்கு அக்கா.

“அவ வரேக்கை எனக்கு வயிறு இருக்க வேணுமே.”

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பது. ஊர்ப் பழக்கம்தான். கேத்திலுக்கும் பாவமில்லை. ஆறு ஆம்பிளைகள் சுவரோடு சாய்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருப்போம். கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் ஒருநாள் கறி மணக்கிறது என்று சண்டைக்கு வந்தார். எங்களைக் கண்டதும் கோபத்தை மறந்துபோனார். அண்ணை அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். உள்ளங்கையில் சீனியும் வைத்தார். மனுசன் மற்ற நாளும் வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஏழு பேர்.

கேத்தில் கறுக்கிறதோ இல்லையோ, அண்ணைக்குப் பைத்தியம் முற்றியது.

மதாமுக்கும் அவருக்கும் நடுவில் முப்பது பிரெஞ்சுச் சொல்லுக்கு மேல் இல்லை. அதனால் மதாம் படம் கீறிக் காட்டுவா. சாப்பாட்டு ஓடர் எழுதுகிற கடதாசியில் ஒரு பக்கம் கேத்தில், மறு பக்கம் அது எதைப் பார்த்துச் செய்தது என்று. அண்ணை அதைக் கொண்டு வந்து சுவரில் ஒட்டுவார். பூசணிக்காய் மாதிரி ஒன்று. அதில் காம்புதான் மூடியின் குமிழ், கொடிதான் கைபிடி, சுருண்ட இலைதான் மூக்கு. மூங்கில் கணு மாதிரி ஒன்று. மேளம் மாதிரி ஒன்று. கிணற்றுக்கட்டு மாதிரி ஒன்று. தராசில் வைக்கிற படிக்கல் மாதிரி ஒன்று. புத்த சாமியாரின் தொப்பி மாதிரி ஒன்று. சுவரில் இடமில்லாமல் சாமிப் படம் மேசைக்கு இறங்கிவிட்டது.

எங்கள் முண்டுக் கேத்திலுக்கு மதாம் ஐந்தாறு கடதாசியில் கீறிக் காட்டின கதை இது. ஒரு ஐயா கோயிலில் தங்கிப் படிக்கப் போனாராம். கூட ஒரு வேலைக்காரன். சாமிமார் கை கழுவுகிற தொட்டியின் அடியில் மண் தங்கியிருந்ததாம். வேலைக்காரன் அதை வழித்து எடுத்து, முற்றத்தில் நின்ற கிழட்டு மரத்தின் முண்டைப் பார்த்து, விரலால் அமத்தி அமத்திச் செய்தானாம். அதுதான் இந்த வகையில் முதல் கேத்திலாம்.

“விளங்குதே குணம்?” என்று அண்ணை என்னைக் கேட்டார். “ஐயா புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தேத்தண்ணி ஊத்திறவன் மரத்தைப் பாத்திருக்கிறான்.”

அதற்குப் பிறகு அவருக்கு வாயில் ஒரே கேள்விதான். உது என்னத்தைப் பாத்துச் செய்தது? மெத்ரோத் தூணைக் காட்டிக் கேட்பார். பேக்கரியில் நீட்டுப் பாணைக் காட்டிக் கேட்பார். ரூ பஜோல் பக்கம் ஒரு கலியாணத்தில் பொம்பிளையின் கொண்டையைக் காட்டிக் கேட்டு அடிவாங்கப் பார்த்தார். எங்கள் தெருமுனையில் நின்றால் மலைமேலே அந்த வெள்ளைத் தேவாலயம் தெரியும். ஊர் உலகமெல்லாம் வந்து படம் எடுக்கிற இடம். அண்ணை ஒரு நிமிசம் பார்த்தார்.

“உது மூடி,” என்றார். “கேத்தில் கீழை மண்ணுக்குள்ளை புதைஞ்சிருக்கு.”

நான் இன்றைக்கும் அதைத் தேவாலயமாகப் பார்த்ததில்லை.

ஆட்களையும் விடவில்லை. சின்னராசா மேளம். கீழ்வீட்டுக் கிழவர் சாமியார் தொப்பி. நான் படிக்கல்.

“ஏனண்ணை படிக்கல்?”

“ஒரு இடத்திலை இருப்பாய். கதைக்க மாட்டாய். ஆனால் தராசுக்கு நீ வேணும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாத்தியே என்றார்.

சுவரில் ஒரு படம் மட்டும் மறு பக்கம் தெரியாமல் மடித்து ஒட்டியிருந்தது. உருண்டையான, மெத்தென்ற கேத்தில். மூடியில் சின்னக் குமிழ். அது எதைப் பார்த்துச் செய்தது என்று சின்னராசா ஒரு மாதம் அரித்தான்.

“ஒரு வடிவான பொம்பிளையைப் பாத்து.”

“முழுப் பொம்பிளையையுமோ அண்ணை?”

அண்ணையின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

பிரிபெக்தூருக்கு நானும் கூடப் போனேன். அவரைவிட எனக்குப் பத்துச் சொல் கூடுதலாய்த் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாவின் மேசையில் ஒரு பீங்கான் கேத்தில் இருந்தது. நான் அண்ணையின் கோட்டைப் பிடித்தேன். அண்ணை குனிந்தார்.

“மதாம், மூடியில் ஓட்டை?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன். அண்ணை விரலைத் தூக்கி, மூடியின் ஓட்டையைப் பொத்தினால் தண்ணீர் நிற்கும், எடுத்தால் ஓடும் என்று கையாலேயே நடித்துக் காட்டினார். நல்ல கேத்திலுக்கு அதுதான் சோதனை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். அந்த அம்மா மெதுவாகத் தன் மூடியின் ஓட்டையைப் பொத்தி, கோப்பைக்குள் சரித்துப் பார்த்தா. தண்ணீர் நின்றது. விரலை எடுத்தா. ஓடியது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் பத்திரக் கோவையைத் திருப்பித் தள்ளினா.

“முதலாளியின் கடிதம் இல்லை. கொண்டு வாருங்கள்.”

படி இறங்கும்போது அண்ணை சொன்னார். “நல்ல கேத்தில். மூக்கு மட்டும் கொஞ்சம் பதிஞ்சு கீழை நிக்குது.”

கடிதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் இரண்டு முறைக்குப் பதிலாக நாலு முறை தேத்தண்ணி வந்தது. எல்லாரும் உள்ளங்கையை நீட்டினோம். நக்கிக்கொண்டு குடித்தோம்.

மாதத்துக்கு ஒருமுறை கேத்திலைப் பெல்வில்லுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். மதாம் ரோச் லைற் அடித்து உள்ளே பார்ப்பா. “பா அன்கோர்,” என்பா. இன்னும் இல்லை. கோடை போனது. பா அன்கோர். இலை கொட்டியது. பா அன்கோர். மார்கழியில் பார்த்துவிட்டு மதாம் அதைச் சொல்லவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினாவாம். அண்ணை அன்று ஐந்து மாடியும் ஓடி ஏறி வந்தார். உள்ளே பார்க்கச் சொன்னார். பார்த்தோம். நல்ல கறுப்பு. பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி ஆறு பேரும் பார்த்தோம்.

பிறகு தைப்பொங்கல் வந்தது.

இனி வருவது என் வேலை. மறைக்க மாட்டேன்.

பொங்கலுக்கு முதல்நாள் நான் பதினொரு மணிக்கே வேலை முடிந்து வந்துவிட்டேன். அறையில் ஆளில்லை. கூட்டினேன். நிலம் துடைத்தேன். துப்புரவு என்றால் என் தொழில். பிறகு பாத்திரங்களை எடுத்தேன். பொங்கலுக்கு ஏனம் மினுக்குவது என்றால் எங்களுக்குப் பழப்புளியும் உப்பும்தான். கடையிலிருந்து பழப்புளி வாங்கி வைத்திருந்தேன். குத்துவிளக்கை மினுக்கினேன். செம்பை மினுக்கினேன். சட்டியை மினுக்கினேன்.

யன்னல் ஓரத்தில் கேத்தில் இருந்தது.

பத்து மாதமாக எங்களோடு இருக்கிறது. அக்காவைக் கொண்டு வரப் போகிறது. அதன் உடம்பில் சின்னராசாவின் கறித்தெறிப்பு முண்டுக்கு முண்டு காய்ந்துபோய் இருந்தது. பொங்கலுக்கு எல்லா ஏனமும் பளபளக்க இது மட்டும் இப்படி இருக்கிறதா என்று மனம் கேட்கவில்லை. சவர்க்காரம் கூடாது என்றுதான் அண்ணை சொன்னார். பழப்புளி சவர்க்காரம் இல்லை. சாமி விளக்குக்கே போடுகிற சாமான்.

வெளிப்பக்கம் மட்டும் என்றுதான் தொடங்கினேன். அந்தக் கேத்திலில் எல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலைவிட்டு உரஞ்சினேன். என் கை தொடங்கினால் நிற்காது. எப்போது உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது. துடைத்து, மூன்று குறி திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். வடிவாக இருந்தது.

அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். சாமியைப் பார்த்தார். அங்கே பிள்ளையார் மாதிரித் திருநீறு பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் கேத்தில் இருந்தது.

“ஆர்?”

“நான்.”

“சவர்க்காரமோ?”

“பழப்புளி.”

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கட்டிலில் இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. 

“நல்லா மினுக்கியிருக்கிறாய் குணம்,” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்னராசா வந்து பார்த்தான். என்னைப் பார்த்தான்.  சீன வருசப்பிறப்புக்கு மூன்று கிழமைகூட இல்லை. அடுத்த நாள் பொங்கினோம். பால் பொங்கினபோது ஒருவரும் சத்தம் போடவில்லை. அண்ணை மட்டும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு எழும்பி, துவாயை எடுத்துக் கேத்திலைச் சுற்றினார்.

“திருநீறைத் துடைப்பமே அண்ணை?”

“சாமிக்கு வைச்சதை நான் அழிக்கமாட்டன். நட.”

மெத்ரோவில் கேத்தில் அவர் மடியில் இருந்தது. கடையில் மத்தியானச் சனம் போய்விட்டது. மதாம் மேசையில் இருந்து முளைவிட்ட பயறு துப்புரவாக்கிக்கொண்டிருந்தா. அண்ணை துவாயை அவிழ்த்தார்.

மதாம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தா.

“நான் கழுவினேன்,” என்றார் அண்ணை, பிரெஞ்சில்.

“இல்லை. நான்,” என்றேன்.

“இவனுக்கு விசர். நான்.”

“நான் மதாம். இவர் இல்லை.”

மதாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. திருநீற்றைத் தொட்டா. விரலை மணந்து பார்த்தா. இது என்ன என்று கேட்டா.

பிரெஞ்சில் திருநீற்றுக்குச் சொல் தெரியாது. அங்கே புருசனின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினேன். “எங்கள் திருவிழா. கடவுளுக்கு,” என்றேன்.

மதாம் எழும்பினா. கேத்திலுக்குள் வெறும் சுடுதண்ணீர் ஊற்றினா. தேயிலை போடவில்லை. மூடியை மூடி, படத்தைப் பார்த்தபடி நின்றா. பிறகு கோப்பையில் ஊற்றி மணந்து பார்த்தா. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அண்ணை என் கையைப் பிடித்திருந்தார். அது அவருக்கே தெரியாது.

“தேத்தண்ணி இருக்கு,” என்றா மதாம்.

ஒரு மிடறு குடித்தா. முகம் சுருங்கியது. கண்ணை மூடினா. நான் முடிந்தது என்று நினைத்தேன்.

“புளி?”

“ஓம்,” என்றேன் தமிழில். அவவுக்கு விளங்கியது.

இன்னொரு மிடறு குடித்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. இத்தனை மாதத்தில் அண்ணை ஒருநாளும் கண்டிராத சிரிப்பு. இருமி, மேசையைப் பிடித்து, கண்ணைத் துடைத்துச் சிரித்தா. கம்போடியாவில் புளி விட்டுச் சூப் வைப்பார்களாம். புருசனுக்கு அது இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். இங்கே வந்த பிறகு அதை வைக்க மனம் வரவில்லையாம்.

“தேத்தண்ணி அவர். சூப்பும் அவர்,” என்றா. கேத்திலைக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே வைத்தா. திருநீற்றையும் குங்குமத்தையும் துடைக்கவில்லை.

கடிதத்தை அன்றைக்கே எழுதினா. திரும்பி வரும்போது அண்ணை அதைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அக்கா ஆவணியில் வந்தா. மதாம் வரவேற்புக்கு அந்தப் பூசணிக்காய்க் கேத்திலைக் கொடுத்துவிட்டா. அதுவும் உள்ளே நல்ல கறுப்பு. வந்த நாலாம் நாள் அக்கா என்னைக் கேட்டா. “தம்பி, பழப்புளி இருக்கே? இவருக்கு ஒரு துப்புரவும் இல்லை.” அண்ணை அலறின சத்தத்துக்குக் கீழ்வீட்டுக் கிழவர் ஓடி வந்தார். வந்தவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தார். சின்னராசாவுக்குத் தோசை கிடைத்தது. பதினொன்று சாப்பிட்டான்.

இப்போது அண்ணை பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில். நான் சார்செல்லில். ஒரே ரயில்தான். மாதத்தில் ஒருநாள் போவேன். அவருக்கு நடை குறைவு. யன்னலடியில் இருந்து ரோய்சியில் இறங்குகிற பிளேன்களைப் பார்த்துக்கொண்டு, உது என்னத்தைப் பாத்துச் செய்தது என்று கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். படிக்கல் என்பார். அக்கா பூசணிக் கேத்திலில் தேத்தண்ணி கொண்டு வருவா. உள்ளங்கையில் சீனி வைத்துக்கொள்வோம். அவருக்குச் சீனி வருத்தம். இருந்தாலும் அன்றைக்கு மட்டும் வைப்பார்.

எங்கள் எல்லாரையும் ஒவ்வொரு கேத்திலாக்கினார். அவரைப் பகிடிக்கு மூக்குப்பேணி என்றோமே தவிர, அவர் எந்தக் கேத்தில் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது நானும் யன்னலால் பார்த்துக்கொண்டு வருவேன். மரம், கூரை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பார்ப்பேன். அண்ணையைப் பார்த்துச் செய்ததாக ஒன்றுமே இதுவரை என் கண்ணில் படவில்லை.